முதல் ஆண்டின் வெற்றி

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே அமைந்துள்ளது லாஸ் வேகாஸ் நகரம். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது அங்கே வழக்கமான செய்தி. சூதாட்ட மண்டபங்களுக்கும் கேளிக்கை விடுதிகளுக்கும் பேர்போன அந்நகரில், பனிக்கட்டித் தளத்தின் மீது ஆடப்படும் ஹொக்கி விளையாட்டுக்கென ஓர் அணி 2017ஆம் ஆண்டில் முதன்முறையாகக் களமிறங்கியது. வேகாஸ் கோல்டன் நைட்ஸ் என்பது அதன் பெயர். எட்டே மாதங்களில் அவ்வணி வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கினுடைய இறுதிப் போட்டியில் நின்றது. அன்று விளையாட்டறிஞர் யாவரும் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த வெற்றி நிலைக்குமா? அக்கேள்விக்கு விடை கூறப் போதிய காலம் இப்போது கடந்துவிட்டது. விடையோ, கேட்டவர்கள் எதிர்பார்த்த வடிவில் அமையவில்லை.

ஹொக்கி என்றதும் நேயர் பலருக்குப் புற்றரையில் ஆடப்படும் ஆட்டமே நினைவுக்கு வரும். பனித்தள ஹொக்கி அதனின்றும் வேறானது. கனடா தேசத்தின் குளிர்கால விளையாட்டென்று சட்டத்தினாலேயே ஏற்கப்பட்டது அது. டொறொன்ரோவிலும் மொன்றியலிலும் உறவினரை உடையோர் அங்கிருந்து வரும் பேச்சுக்களில் அதன் பெயரைக் கேட்டிருத்தல் கூடும். சறுக்குப் பாதணி அணிந்த ஐவரும் கோல் காப்பாளர் ஒருவருமாக அறுவர் ஒரு பக்கத்தில் ஆடுவர். பந்துக்குப் பதிலாக றப்பராலான வட்டு ஒன்று வழங்கும். ஆட்டத்தின் வேகம் மிகக் கடுமையானதாகையால், ஒரு தொகுதியினர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே களத்தில் நிற்பர். உடனே அவர்கள் வெளியேற மற்றொரு தொகுதியினர் இறங்குவர். இவ்வாறு முன்வரிசைக்கு நான்கு தொகுதிகள் மாறி மாறி ஆடும். கோல் காப்பாளர் நீங்கலாக 18 வீரர்கள் ஓர் ஆட்டத்திற்கு வேண்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன எளிதில் விளங்கும்.

புதிய அணிகள் தொடக்கத்தில் தோற்பதே இந்த லீக்கின் வழக்கமாக இருந்தது. வாஷிங்டன் அணி 1974-75 பருவத்தில் முதன்முறை ஆடியபோது, 80 ஆட்டங்களில் 8 மட்டுமே வென்றது. ஒட்டாவா அணி 1992-93இல் 84 ஆட்டங்களில் 10 வென்றது. பழைய அணிகள் தமக்கு வேண்டாதாரை விட, அவர்களைக் கொண்டே புதிய அணி அமையவேண்டும். மிச்சத்தைக் கொண்டு விருந்து சமைப்பது எங்ஙனம்?

வேகாஸ் அணியோ தன் முதற் பருவத்தின் 82 ஆட்டங்களில் 51 வென்று, 109 புள்ளிகளுடன் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அதன்பின் நடந்த கிண்ணச் சுற்றுகளில் லொஸ் ஏஞ்சலிஸ், சான் ஹோசே, வினிப்பெக் ஆகிய மூன்று அணிகளையும் வீழ்த்தியது. 2018 யூன் மாதத்தில் வாஷிங்டன் அணியிடம், நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றபோதுதான் அதன் ஓட்டம் நின்றது. முதற் பருவத்திலேயே இறுதிப் போட்டிக்கு வந்த புதிய அணி, 1968க்குப் பின் அது ஒன்றேயாம்.

இதற்குக் காரணம் என்ன? முதற் காரணம் விதிகளில் இருந்தது. அணியின் உரிமையாளர் பில் ஃபோலி என்பவர் லீக்கில் இடம்பெறுவதற்கு 50 கோடி டொலர் செலுத்தவேண்டியிருந்தது. இத்துணைப் பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு வெறும் சக்கையைக் கொடுப்பது முறையன்று என்று லீக் கருதியது போலும். வீரர் தெரிவுக்கான விதிகள் முன்னையவற்றிலும் தாராளமாக வகுக்கப்பட்டன. அப்போதிருந்த 30 அணிகளும் ஆளுக்கொரு வீரரை இழக்கவேண்டும். முன்வரிசையினர் எழுவர், பின்வரிசையினர் மூவர், கோல் காப்பாளர் ஒருவர் எனப் பதினொருவரை ஓர் அணி தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அல்லது களவீரர் எண்மரையும் கோல் காப்பாளர் ஒருவரையும் ஒதுக்கலாம். எஞ்சியோருள் எவரையும் வேகாஸ் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மாவட்டத்தில் புதிய பாடசாலை ஒன்று திறக்கப்படுகின்றது எனக் கொள்வோம். மாவட்டத்திலுள்ள முப்பது பாடசாலைகளும் தத்தம் ஆசிரியருள் மிகச் சிறந்த பதினொருவரை வைத்துக்கொண்டு, எஞ்சியோருள் புதிய அதிபர் விரும்பும் ஒருவரை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று திணைக்களம் கட்டளையிடுகின்றது. புதிய பாடசாலைக்குப் பேராற்றல் படைத்த ஆசிரியர் ஒருவரும் கிடைக்கமாட்டார். ஆனால் அங்கே திறமையற்ற ஆசிரியரும் ஒருவர் இரார். ஏனைய பாடசாலைகளில் முதல் வகுப்பறைகள் ஒளிவீசும். கடைசி வகுப்பறைகள் மங்கிக் கிடக்கும். புதிய பாடசாலையிலோ எல்லா வகுப்பறைகளிலும் ஒரே அளவான விளக்கு எரியும். நான்கு தொகுதிகள் மாறி மாறி இறங்கும் விளையாட்டில் இதன் பயன் எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எதிரணியின் மூன்றாம் நான்காம் தொகுதிகள் தளர்ந்த வேளையிலும் வேகாஸ் அணியின் வேகம் குறையவில்லை.

கோல் காப்பாளர் வகையில் விதி இன்னுங் கடுமையானது. எந்த அணியும் ஒருவரையே ஒதுக்கமுடியும். பிற்ஸ்பேர்க் அணியிடம் வல்லவர் இருவர் இருந்தனர். இளையவரை வைத்துக்கொண்டு, மூன்று முறை கிண்ணம் வென்ற அணிகளில் இருந்த மார்க் அந்த்ரே ஃபிளூரியை அவ்வணி விடவேண்டியதாயிற்று. பேராற்றலாளர் கிடையார் என்ற பொதுவிதிக்கு இவர் ஒருவரே விலக்காக அமைந்தார்.

இரண்டாவது காரணம் பழைய அணிகளின் அச்சம். ‘எங்கள் அணியில் இன்னாரை எடுக்காதீர்கள், அதற்கு ஈடாக இதனைத் தருகின்றோம்’ என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வேகாஸ் முகாமையாளர் ஜோர்ஜ் மக்ஃபீயிடம் பேரம் பேசின. அனஹைம் அணி ஷே தியடோர் என்ற இளம் பின்வரிசை வீரரைத் தந்தது. மினசோட்டா அணி அலெக்ஸ் டக் என்பவரைத் தந்தது. கொலம்பஸ் அணி, தான் காக்க விரும்பிய வீரரைத் தொடாதிருப்பதற்காக, இளம் வீரரைத் தெரிவுசெய்யும் உரிமைகள் இரண்டினைக் கொடுத்ததுமன்றி, வில்லியம் கார்ல்சன் என்ற முன்வரிசை வீரரையும் விட்டது. புளோரிடா அணி செய்தது எல்லாவற்றிலும் விந்தையானது. முந்திய பருவத்தில் 30 கோல்கள் அடித்த ஜொனதன் மார்ஷசோவை அது ஒதுக்கிக் காக்கவில்லை; அவரோடு றைலி ஸ்மித் என்பவரையும், அவருடைய சம்பளச் சுமை நீங்கினாற் போதுமென்று, அற்ப விலைக்குத் தள்ளிவிட்டது. கார்ல்சன், மார்ஷசோ, ஸ்மித் என்ற இம்மூவரே வேகாஸ் அணியின் முதல் தொகுதியாக அமைந்தனர்! புளோரிடா அணியினால் 2016 நவம்பரில் விலக்கப்பட்ட பயிற்றுநர் ஜெரார்ட் கலன்ட் என்பவரே இவர்களுக்குப் பயிற்றுநராகவும் வாய்த்தார். கைவிடப்பட்டோர் என்ற பொருள்பட இவ்வீரர்கள் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர். புறக்கணிக்கப்பட்டவனின் உழைப்பில் ஒரு தனிச் சூடு உண்டு.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதனைக் காரணம் என்பதா, காலத்தின் கொடுமை என்பதா எனத் துணிதல் அரிது. 2017 ஒக்டோபர் 1ஆம் திகதி இரவு, லாஸ் வேகாஸ் நகரில் இசை விழா ஒன்றுக்கு வந்திருந்த மக்கள் மீது ஒருவன் விடுதியின் மேல்மாடியிலிருந்து துப்பாக்கியாற் சுட்டான். 58 பேர் அப்போது உயிரிழந்தனர். பின்னாளில் மேலும் இருவர் மாண்டனர். ஒன்பது நாள் கழித்து அணியின் முதற் சொந்த நகர ஆட்டம். களத்தைச் சுற்றி வழக்கமாகக் காணப்படும் விளம்பரங்கள் நீக்கப்பட்டன. 58 செக்கன்கள் மௌனம் நிலவியது. அந்நகரையே வீடாகக் கொண்ட வீரர் டெரிக் எங்கலண்ட் மக்களுக்குச் சில சொற்கள் கூறினார். பின் ஆட்டத்தில் கோல் ஒன்றும் அடித்தார். முதற் பதினொரு நிமிடத்துக்குள் நான்கு கோல்கள் விழுந்தன. தான் தொடங்கிய ஒன்பது ஆட்டங்களில் எட்டினை அவ்வணி வென்றது. வழிப்போக்கரின் நகரம் என்று எள்ளப்பட்ட ஊருக்குத் தனதென்று சொல்லிக்கொள்ள ஓர் அணி கிடைத்தது.

இவற்றுள் எது நிலைக்கும், எது நிலைக்காது? 2018 கோடையில் இதனை ஆராய்ந்தவர்கள் முதலிற் கைவைத்தது கார்ல்சனின் கணக்கில். கொலம்பஸ் அணியில் அவர் ஒரு பருவம் முழுவதும் அடித்த கோல்கள் 6. அடுத்த பருவத்தில் வேகாஸ் அணிக்காக அடித்தவை 43. மிகுதியான வாய்ப்புக் கிடைத்தது உண்மையே. எனினும் அவர் கோலை நோக்கி அடித்தவற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்று உள்ளே சென்றது. இந்த லீக்கில் பத்தில் ஒன்று சென்றாலே நல்ல அளவு. கண்ணும் கையும் ஒருங்கே கூடி வரும் அத்தகைய ஆண்டு ஒரு வீரருக்கு வாழ்நாளில் ஒருமுறை வரலாம். அடுத்த பருவத்தில் அவர் 24 கோல்களும் அதற்கடுத்ததில் 15 கோல்களும் அடித்தார். அவர் திறமை குன்றியதால் அன்று. நாணயத்தை எறிபவனுக்குத் தொடர்ந்து தலையே விழும் நாள்கள் எண்ணப்பட்டவை. அணியின் புள்ளிகளும் 109இலிருந்து 93 ஆக இறங்கின. 2019 ஏப்ரலில், சான் ஹோசே அணிக்கெதிரான ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல்கள் முன்னணியில் இருந்த வேளையில், நடுவர் விதித்த ஐந்து நிமிடத் தண்டனை ஒன்றின்போது நான்கு கோல்களை வாங்கி, முதற் சுற்றிலேயே வேகாஸ் வெளியேறியது. வீழ்ச்சியை முன்னுரைத்தவர்கள் தம் சொல் பலித்ததாக எண்ணியிருப்பர்.

பழைய சான்றும் அவர்கள் பக்கமே இருந்தது. 1967இல் லீக் ஆறு அணிகளை ஒருங்கே சேர்த்து, அவ்வாறையும் ஒரே பிரிவில் வைத்தது. ஆகவே புதிய அணியொன்று இறுதிக்கு வருவது உறுதியாயிற்று. செயின்ற் லூயிஸ் அணி 1968, 1969, 1970 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதிக்கு வந்தது; மூன்றிலும் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்லாமல் தோற்றது. அதன்பின் அவ்வணி மீண்டும் இறுதிப் போட்டியைக் கண்டது 2019இல். ஏறக்குறைய அரை நூற்றாண்டு! விதி தூக்கிவிட்ட வெற்றி, விதியின் தயவு நீங்கியதும் இறங்கிவிட்டது.

ஆனால் வேகாஸ் அணியின் முகாமையாளர்கள் இக்கணக்கைத் தாமும் அறிந்திருந்தனர். முதலாண்டு வெற்றியில் தற்செயல் எவ்வளவு, முதல் எவ்வளவு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தனர். தற்செயலைக் காக்க முடியாது. பழைய அணிகளிடமிருந்து பேரத்தில் பெற்ற இளம் வீரர்களும் தெரிவுரிமைகளுமே முதல். ஒரே அளவான விளக்குகள் மட்டும் எரியும் மண்டபத்தில் பெருவிளக்கு இல்லை என்பதையும் அவர்கள் கண்டனர். கிண்ணச் சுற்றுகளின் கடைசிப் படிகளில் எதிரணிகள் தம் பெருவீரரை நெடுநேரம் களத்தில் நிறுத்தும். அங்கே சமநிலை மட்டும் போதாது. அவ்வாறாயின், முதலை விற்றுப் பெருவிளக்கை வாங்குவதே வழி.

அவ்வாறே செய்தனர். 2017ஆம் ஆண்டுத் தெரிவின் முதற் சுற்றில் அவ்வணி மூன்று இளைஞரைப் பெற்றிருந்தது. அவருள் நிக் சுசூக்கி 2018இல் மொன்றியலுக்குக் கொடுக்கப்பட்டார். எரிக் பிரான்ஸ்ட்றம் 2019இல் ஒட்டாவாவுக்குச் சென்றார். அவருக்கு ஈடாக வந்தவர்களுள் மார்க் ஸ்டோன் ஒருவர். அவரே பின்னர் அணித்தலைவரானார். 2021க்குள் மூன்றாமவரும் போய்விட்டார். மினசோட்டா தந்த அலெக்ஸ் டக் 2021 நவம்பரில் பஃபலோ அணிக்கு அனுப்பப்பட, அங்கிருந்து ஜக் ஐக்கல் வந்தார். விதை நெல்லை விற்று எருது வாங்கும் வேளாண்மை இது. எல்லோரும் பின்பற்றத்தக்கதன்று. 2021 அரையிறுதியில் வேகாஸ் அணியை மொன்றியல் வென்றபோது, வென்றவர்களுள் சுசூக்கியும் நின்றார் என்பதை மறத்தலாகாது.

இளைஞரை விற்றதைவிட மனத்தை உறுத்துவது மற்றொன்று. முதலாண்டிற் சிறந்த பயிற்றுநர் விருது பெற்ற கலன்ட், 2020 சனவரியில், நான்கு ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றதன் பின் விலக்கப்பட்டார். அவரிடத்தில் வந்தவர் பீட்டர் டிபோர். முந்திய ஆண்டில் அணியை வெளியேற்றிய சான் ஹோசேயின் பயிற்றுநர் அவர்தான். அடுத்து ஃபிளூரி. மக்கள் அவரை அணியின் முகமாகவே கொண்டாடினர். 2021இல் லீக்கின் சிறந்த கோல் காப்பாளர் விருதும் அவருக்குக் கிடைத்தது. அதே கோடையில் அவர் சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். ஓர் அணி தன் வீரருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு லீக் ஓர் உச்சவரம்பு விதித்துள்ளது. முதலாண்டில் அது 7.5 கோடி டொலர். பெருவீரர் ஒருவர் உள்ளே வந்தால் மற்றொருவர் வெளியேறத்தான் வேண்டும். இது கணக்கு. ஆயினும் கணக்குச் சரியாக இருந்தமையால் நன்றி கெட்ட செயல் நன்றியுடைய செயலாகிவிடாது. நகரின் துயர் நாள்களில் தோன்றிய பிணைப்பை இவ்வாறு செலவிடலாமா என்று ரசிகர் கேட்டதில் நியாயம் இருந்தது.

2022இல் அணி கிண்ணச் சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. டிபோரும் விலக்கப்பட்டு, புரூஸ் கசிடி பொறுப்பேற்றார். நன்றியையும் இழந்து வெற்றியையும் இழந்தார்கள் என்றே அப்போது தோன்றியது. மறு ஆண்டிலோ 51 வெற்றிகள், 111 புள்ளிகள். 2023 யூன் 13ஆம் திகதி புளோரிடா அணியை 9க்கு 3 என்ற கோல் கணக்கில் வீழ்த்தி ஸ்டான்லி கிண்ணத்தை வேகாஸ் வென்றது. ஆறாண்டுக்குள் கிண்ணம் என்று ஃபோலி தொடக்கத்தில் கூறியிருந்தார். வென்றது ஆறாவது பருவத்தில். அவ்விரவில் ஸ்டோன் மூன்று கோல்கள் அடித்தார். கிண்ணச் சுற்றுகளின் சிறந்த வீரர் விருது, புளோரிடா 2017இல் காவாது விட்ட மார்ஷசோவுக்கு! புளோரிடாவும் இதனால் அழிந்துவிடவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளும் கிண்ணம் அதற்கே சென்றது.

முதலாண்டின் வெற்றி நிலைத்தது என்று இதனைக் கூறலாமா? 2018இல் ஆடியவர்களுள் அறுவரே 2023இல் எஞ்சியிருந்தனர். நிலைத்தது அந்த வெற்றியன்று. அதைக் கொண்டு வாங்கப்பட்ட வேறொரு வெற்றி. முதலாண்டு வீரரைப் பாராட்டி அப்படியே வைத்திருந்தால், கார்ல்சனின் கோல்கள் குறைந்த வழியே அணியும் குறைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

சியற்றில் நகரின் புதிய அணி 2021இல் 65 கோடி டொலர் செலுத்தி, அதே தெரிவு விதிகளுடன் வந்தது. ஆனால் பழைய அணிகள் பாடம் கற்றிருந்தன. அஞ்சிப் பேரம் பேசி இளம் வீரரையும் தெரிவுரிமைகளையும் அள்ளிக் கொடுக்க அவை முன்வரவில்லை. முதற் பருவத்தில் சியற்றில் 27 ஆட்டங்களே வென்றது. இரண்டாம் பருவத்தில் 100 புள்ளிகள் பெற்று, முந்திய ஆண்டு கிண்ணம் வென்ற கொலராடோ அணியையும் கிண்ணச் சுற்றில் வீழ்த்தி யாவரையும் வியக்கச் செய்தது. அதற்கடுத்த இரு பருவங்களிலும் கிண்ணச் சுற்றுகளுக்கு வரவில்லை. விதி ஒன்றாயினும் கைமுதல் ஒன்றன்று.

வேகாஸ் அணி 2025 வரை ஆடிய எட்டுப் பருவங்களில் ஏழில் கிண்ணச் சுற்றுகளுக்கு வந்தது. 2023இன் வெற்றி இரவில், தலைவர் ஸ்டோன் கிண்ணத்தை முதலில் உயர்த்தியபின், அடுத்ததாக அதனைக் கொடுத்தது றைலி ஸ்மித்தின் கையில். முதலாண்டு வீரர் ஒருவர்க்கு அப்பெருமை சேரவேண்டும் என்பது அவர் எண்ணம். பதினைந்து நாள் கழித்து ஸ்மித் பிற்ஸ்பேர்க் அணிக்கு மாற்றப்பட்டார். சம்பள உச்சவரம்பு இடங்கொடுக்கவில்லை. மறு ஆண்டில் மார்ஷசோவும் நாஷ்வில் நகருக்குப் போனார். 2025 மார்ச்சில் ஸ்மித் திரும்பவும் வேகாஸ் அணிக்கு வந்தார். அவ்வாண்டு மே மாதத்தில், எட்மன்ரன் அணிக்கெதிரான மூன்றாவது ஆட்டத்தில், ஒரு செக்கனிலும் குறைந்த நேரமே எஞ்சியிருந்தபோது அவர் அடித்த கோலினால் வேகாஸ் வென்றது. அந்தச் சுற்றில் அது வென்ற ஆட்டம் அது ஒன்றுதான்.